சத்தம் நின்றால் எழுந்து ஓடுகிறவர்

ரஞ்சு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். அப்பாவின் தலையணையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இப்ப சரியா இருக்காப்பா?" என்று கத்திக்கொண்டிருக்கிறாய். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெண்ணுக்கு ஏன் கடிதம் என்று நீ கேட்க மாட்டாய். காது மந்தமானவர் இருக்கிற வீட்டில் தனியாக எதையும் பேச முடியாது. கத்தினால் அவருக்குக் கேட்டுவிடும். குசுகுசுத்தால் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். தென்னூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்தியே காலத்தை ஓட்டியவள் நான். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்.

நேற்று மத்தியானம் நான் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னாய். "நான் திரும்பிப் போகலம்மா. வேற ஆள் பாத்துக்கங்கன்னு மெயில் போட்டுடறேன்." இந்த மாதக் கடைசிக்குள் வருகிறாயா இல்லையா என்று உன் கம்பெனிக்காரர்கள் கேட்டிருப்பது எனக்குத் தெரியும். ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ அதைச் சொன்னதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம், கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இனி டாக்டரிடம் போக ஆட்டோ பிடிக்கவும், ராத்திரி அவரைப் புரட்டிப் படுக்கவைக்கவும், என்னைத் "தூங்கும்மா" என்று விரட்டவும் ஓர் ஆள் இருக்கிறாள் என்று தோன்றியது. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் உன் அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டதா, உன் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டாரா, தெரியாது. ஆனால் ரசம் சாதத்தைத் தொடவில்லை. நீ போக வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மனசு வந்து எழுதவில்லை.

தூத்துக்குடி உனக்கு நினைவிருக்கிறதா? அப்போது நீ இரண்டாம் வகுப்பு. அப்பாவின் கப்பல் அங்கே வருகிறது, நங்கூரம் போட்டதும் ஒரு நாள் கரைக்கு வருவேன் என்று போன் செய்திருந்தார். உன்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். துறைமுகத்தில் இடம் கிடைக்கவில்லை என்று கப்பல் வெளியே, கடலிலேயே நின்றுவிட்டது. கரையிலிருந்து பார்த்தால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அவருக்கு இறங்க அனுமதி கிடைக்கவில்லை. நாம் மணலில் உட்கார்ந்து அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதன் மேலே கறுப்பாக ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது. "கப்பல்தான் நிக்குதே, அப்புறம் ஏம்மா புகை வருது?" என்று கேட்டாய். சாயங்காலம் அப்பாவின் போன் வந்தபோது நீயே அவரிடம் கேட்டாய். அவர் சிரித்துவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "கப்பல் நின்னா வீடு நிக்குமாடி? எங்களுக்கு லைட்டு வேணும், தண்ணி ஏத்தணும், சோறாக்கணும், சாமான் கெடாம குளுருல வைக்கணும். அதுக்கு ஜெனரேட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். நாங்க நின்னாலும் அது நிக்காது."

அந்த நிற்காத ஜெனரேட்டருக்குப் பக்கத்தில்தான் அவருடைய ஆயுள் போனது. கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாக இருந்து ஃபிட்டர் வேலை படித்தவர், கப்பலில் போனால் உலகம் பார்க்கலாம் என்று போனார். பார்த்தது என்ஜின் ரூம். கரையில் இடம் கிடைக்கும்வரை கப்பல் வாரக்கணக்கில் கடலில் நிற்கும். மேலே இருக்கிறவன் மீன் பிடிப்பான், சீட்டாடுவான். கீழே இருக்கிறவனுக்கு ஓடுகிற நாளும் நிற்கிற நாளும் ஒன்றுதான், அதே எண்ணெய், அதே புகை, அதே இரைச்சல். ஒரு பீடி குடித்ததில்லை அவர். இன்று நுரையீரல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற டாக்டர், "சிகரெட் பழக்கம் உண்டா?" என்றுதான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கிறார். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

லீவில் வரும்போது அவருக்கு வீட்டில் தூக்கம் வராது. அமைதியாக இருந்தால் அவருக்கு ஆகாது. ஒரு நாள் மத்தியானம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. பக்கத்தில் பாயை விரித்து மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கீழ் வீட்டு அம்மாள் வந்து, "என்னங்க, தெனமும் ஊருக்கே மாவு அரைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அப்புறம்தான் அந்தக் கடகடவென்கிற ஸ்டாண்ட் ஃபேனை எங்கிருந்தோ பிடித்து வந்தார். இந்த ஃப்ளாட் வாங்கியபோதும் அதே கதைதான். ஸ்ரீரங்கத்தில் வீடு பார்க்கிற எல்லாரும் கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அவர் ஸ்டேஷன் பக்கம்தான் வேண்டும் என்றார். "ரயில் போய்க்கிட்டே இருக்கும்ல, எனக்கு அது போதும்" என்றார். எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

உன் விளையாட்டை எழுதாமல் இருக்க முடியாது. நீ அதை மறந்துவிட்டதாகத்தான் உன்னையே திட்டிக்கொள்கிறாய். அவர் தூங்கும்போது நீ பூனை மாதிரி போய் ஃபேன் சுவிட்சை அணைப்பாய். அணைத்த நிமிஷமே அவர் எழுந்துவிடுவார். கண் திறந்திருக்காது, ஆனால் கால் வாசல்வரை போயிருக்கும். கப்பலில் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். சட்டை போட நேரமில்லை, கீழே ஓட வேண்டும். அதுதான் உடம்பில் ஏறிக்கிடந்தது. பாதி வழியில் விழித்து, நீ சுவிட்சுக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திச் சிரிப்பதைப் பார்த்து, உன்னைத் துரத்திக்கொண்டு ஓடுவார். "என் பொண்ணு எனக்கு பிளாக்அவுட் குடுக்கறா" என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

நீ எலக்ட்ரிகல் படித்தாய். கப்பலோடு சம்பந்தப்பட்ட வேலைக்குப் போகிறேன் என்றபோது அவர் இரண்டு நாள் பேசவில்லை. நீதான் பொறுமையாக விளக்கினாய். அது கப்பல் இல்லை, மிதவை. அதற்கென்று என்ஜின் கிடையாது, இழுவைப் படகுதான் இழுத்துக்கொண்டு போகும். பெட்டி பெட்டியாக பேட்டரி அடுக்கியிருக்கும். கரையில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, நங்கூரம் போட்டு நிற்கிற கப்பலுக்குப் பக்கத்தில் போய்க் கேபிளைக் கொடுத்தால், அந்தக் கப்பல் தன் ஜெனரேட்டரை அணைத்துவிடலாம். புகை இல்லை, இரைச்சல் இல்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார். "அந்த பேட்டரிக்கு கரண்ட் எங்கேர்ந்து வருது? எங்க கைலாசபுரம் பாய்லர்ல கரி எரிச்சா?" நீ, "காத்தாலையிலேர்ந்துப்பா, அங்க கடலுக்குள்ளயே நட்டு வச்சிருக்காங்க" என்றாய். "அப்ப நின்ன கப்பல் நின்ன மாதிரியே இருக்கும்கிற" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் நீ வேலை பார்க்கிற வெளிநாட்டுத் துறைமுகத்தின் பெயரைத் தப்புத் தப்பாக உச்சரித்துக்கொண்டு, பால்காரரிடம்கூட அதைப் பற்றித்தான் பேசினார்.

அந்த நாளுக்கு வருகிறேன். இதைப் பற்றி நீயும் நானும் ஒழுங்காகப் பேசியதே இல்லை. ஒரு கப்பலின் என்ஜின் ரூமில் நின்றுகொண்டு வீடியோவில் கூப்பிட்டாய். "அப்பா, இன்னிக்கு நேர்ல பாருங்க, உங்க ஜெனரேட்டரை நான் அணைக்கப் போறேன்." அவர் படுத்திருந்தார். போனைத் தலையணைமேல் சாய்த்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்துக்கொண்டார். கப்பல் கரண்டையும் உங்கள் கரண்டையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை இழுத்துக்கொண்டே போனது. நீ யாருடனோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். போனிலிருந்து அந்த இரைச்சல் வீடு முழுக்க நிறைந்திருந்தது. நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தேன். அவர் தூங்கிவிட்டிருந்தார். ரஞ்சு, அப்படி ஒரு தூக்கம் அவர் முகத்தில் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை மார்பின்மேல் இருக்க, இருமல்கூட இல்லை. நான் உன்னைக் கூப்பிட்டு "அப்பா தூங்கறாருடி" என்று சொல்லவில்லை. எழுந்துவிடுவாரே என்றுதான் சொல்லவில்லை. அடுப்படிக்குத் திரும்பிப் போனேன். அப்புறம் இரைச்சல் நின்றது. நீ "அப்பா கேளுங்க, சத்தமே இல்ல!" என்று சந்தோஷமாகச் சொன்னது எனக்குக் கேட்டது. உடனேயே அவர் விழுந்த சத்தமும் கேட்டது. ஓடத்தான் எழுந்திருக்கிறார். நடக்கவே சுவரைப் பிடிக்கிறவர், ஓட எழுந்தார். நீ போனில் நம் வீட்டுச் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டிருந்தாய்.

இடுப்பு எலும்பை ஆபரேஷன் செய்து சரிசெய்துவிட்டார்கள், நுரையீரல்தான் அந்த மயக்க மருந்தைத் தாங்கவில்லை. நீ அலறி அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். தென்னூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உன்னைப் பார்த்ததும் நான் கேட்டேன். "அப்படி என்னடி அவசரம் உனக்கு, காட்டியே ஆகணும்னு?" அதைக் கேட்டதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் இருந்தது, உன்னிடம்தான் அதைக் காட்ட முடிந்தது. ஆனால் நீ அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு திரிகிறாய். "எனக்குத் தெரியும்மா, சின்ன வயசுல நானே அணைச்சு அணைச்சு வெளையாடினேன், எனக்குப் போய் மறந்துருச்சே" என்று நீ அழுதபோது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ மறக்கவில்லை. உன் வேலையில் சத்தம் நிற்பது நல்ல சேதி. அந்த நல்ல சேதியைச் சொல்லத்தான் கூப்பிட்டாய். அவர் வேலையில் அது கெட்ட சேதி. அவ்வளவுதான் நடந்தது. இதற்காக வேலையை விடுவது பிராயச்சித்தம் இல்லை ரஞ்சு, வெறும் தண்டனை. அதையும் நீ அவர் கண்ணெதிரே அனுபவிக்கப் போகிறாய், அவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

உன்னைக் கொஞ்ச நாளாகக் கவனிக்கிறேன். ஆக்ஸிஜன் மெஷின் லேசாகச் சத்தம் மாறினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறாய். நேற்று மிக்ஸியை நிறுத்தியதற்கே அந்த அறைக்கு ஓடினாய். குளிக்கும்போது கதவைத் தாழ் போடுவதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் படுத்துவிட்டார் என்றால், அதே ஓட்டத்தை இன்னொருத்தி ஆரம்பித்துவிட்டாள். அவர் அதைப் பார்க்கிறார். உன் காலடியைக் கேட்க முடியாவிட்டாலும் தரை அதிர்வது கட்டிலில் தெரியும் அவருக்கு.

போன வாரம் நீ ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கத் தென்னூர் போயிருந்தாய். அன்று மாசாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். முதல் நாளே தெரியும் என்பதால் சின்ன சிலிண்டரைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெஷின் இரைச்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன், மெஷின், அடுப்படியில் ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. நான் பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டேன். போர்வைக்குள் அவருடைய கால் இரண்டும் வெட்டி இழுத்தன. அப்புறம் அடங்கிவிட்டன. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குழாயை சிலிண்டரில் மாட்டினேன். அவர் எழ முயலவே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "அன்னிக்கு ரஞ்சு இருந்த கப்பல்ல சத்தம் நின்னுச்சே, யாரு ஓடினது?"

"யாரும் ஓடலையாம்" என்று காதருகே கத்தினேன். நீதான் எனக்குச் சொல்லியிருந்தாய்.

"என்ஜின் ரூம்ல டூட்டில இருந்தவன்?"

"அவனும்தான். உக்காந்து டீ குடிச்சானாம். லைட்டு ஒண்ணுகூட அணையலையாம்."

நம்பாதவர் மாதிரி என்னைப் பார்த்தார். அந்த மனுஷனுக்கு அது புரியவே நேரம் எடுத்தது. சத்தம் நின்றும் விளக்கு எரிகிறது, சத்தம் நின்றும் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். மூச்சு வாங்கி வாங்கித்தான் பேசினார். "அப்ப அவன் படுத்தா தூங்கலாம்." கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்று கிளம்பிப் போனது. தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் எழப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "அவள அனுப்பிடு. இங்க வந்து உக்காந்துட்டா, அங்க எவனாவது ஓடணும்ல."

நான் இதை உன்னிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நீ போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். நேற்று நீ போகவில்லை என்றதும் எனக்குள் வந்த சந்தோஷத்தை வைத்துப் பார்த்தால், இன்னும் ஒரு வாரம் போனால் சொல்லவே மாட்டேன் என்றும் தெரிகிறது. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

பொய் சொல்லி உன்னை அனுப்ப எனக்கு இஷ்டமில்லை. அடுத்த கோடையில் அவரை வெயில் தாக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று டாக்டரிடம் கேட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நீ ஒரு முறை போனால் ஆறு மாதம். நீ திரும்பி வரும்போது அவர் இருக்க மாட்டார். இது தெரிந்துதான் நீ போக வேண்டும், இது தெரிந்துதான் நானும் அனுப்புகிறேன். நான் தனியாகச் சமாளித்துவிடுவேன் என்று பெருமையும் பேச மாட்டேன். கஷ்டப்படுவேன். உன்னை மனசுக்குள் திட்டுவேன். கைலாசபுரத்திலிருந்து உன் சித்தப்பா வாரத்துக்கு ஒரு தரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் வந்தால் காப்பி போட்டுக் கொடுக்கிற வேலைதான் கூடும், ஆனாலும் வரட்டும்.

போகும்போது அவரிடம் அழாதே. காலில் விழுந்து எழுந்து, "டூட்டிக்குப் போறேம்பா" என்று சொல். அந்த ஒரு சொல் அவருக்கு நன்றாகக் கேட்கும். அங்கே போனதும் வழக்கம்போலக் கூப்பிடு. வீடியோ வேண்டாம் என்று தயங்காதே. ஆனால் என்ஜின் ரூமுக்குப் போவதற்கு முன்னால் அவர் விழித்திருக்கிறாரா என்று என்னிடம் கேட்டுக்கொள். குளிருக்கு நல்ல சாக்ஸ் வாங்கு, இங்கிருந்து கொண்டுபோனது எல்லாம் ஓட்டை. கல்யாணத்தைப் பற்றி நான் இப்போது எதுவும் எழுதவில்லை, மறந்துவிட்டேன் என்று நினைக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் என் போன் வரும். எதற்கு என்று உனக்கு எடுத்தவுடனேயே தெரிந்துவிடும். அப்போது நீ ஏதாவது ஒரு கப்பலுக்குக் கேபிள் கொடுத்துக்கொண்டிருந்தால் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வராதே. கொடுத்து முடி. அந்தக் கப்பலின் ஜெனரேட்டரை அணை. கீழே இருக்கிறவன் உட்காரட்டும். அப்புறம் நீ ஒரு மூலையில் போய் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் அழு. எப்படியும் உன்னால் நேரத்துக்கு வந்து சேர முடியாது, கொள்ளிடக் கரையில் சித்தப்பா மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவான்.

இந்த வீட்டில் அவருடைய மூச்சுச் சத்தம் நிற்கிற அன்றைக்கு எழுந்து ஓடுவதற்கு நான் ஒருத்தி இருக்கிறேன். நீ ஓடி வராதே, கண்ணு.

அம்மா